வளர்ச்சி இருந்தும் காலரா வந்தது ஏன்? நெரவியிலிருந்து ஒரு பொதுச் சுகாதாரக் கணக்கு

2022 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. காரைக்கால் மாவட்டத்தில் பொதுச் சுகாதார அவசரநிலை என்று புதுச்சேரி சுகாதாரத் துறை அறிவித்தது. காரணம், காலரா. வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக நூற்றுக்கணக்கானோர் அரசு மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து பள்ளி, கல்லூரிகளுக்கு 3 நாள் விடுமுறை. மாவட்டத்தில் 144 தடை உத்தரவு. ஓட்டல், டீக்கடைகளில் கொதிக்க வைத்த தண்ணீர்தான் கொடுக்க வேண்டும் என்று கட்டளை. மாங்கனித் திருவிழாவுக்கு ஊர் தயாராகும் மாதத்தில் இத்தனையும் நடந்தது.

பிள்ளைகள் பிழைத்துக்கொண்டால் போதும் என்பதே அப்போது எல்லோருக்கும் இருந்த கவலை. நோய் அடங்கியதும் பேச்சும் அடங்கிவிட்டது. ஆனால் அந்த ஜூலை ஒரு பெரிய கேள்வியை விட்டுச் சென்றிருக்கிறது. பொருளாதார நிபுணர்கள் பல பத்தாண்டுகளாக விவாதிக்கும் கேள்விதான் அது: பொதுச் சுகாதாரத்துக்கு அரசு செய்யும் செலவுக்கும் நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கும் என்ன உறவு? நாடு வளர்ந்தால் ஆரோக்கியம் தானாக வந்துவிடுமா? இல்லை, ஆரோக்கியத்துக்குச் செலவு செய்தால்தான் நாடு வளருமா?

இதைப் புரிந்துகொள்ள நெரவி நல்ல இடம்.

பணம் இல்லாத ஊரா இது?

இல்லை. அதுதான் விஷயமே.

காரைக்கால் நகரத்தை ஒட்டி, அரசலாற்றுக்குத் தெற்கே இருக்கும் கொம்யூன் நெரவி. ஓஎன்ஜிசி நிறுவனத்தின் காவிரிப் படுகைப் பிரிவுக்குத் தலைமையிடமே நெரவி வளாகம்தான். டெல்டா முழுக்க எடுக்கப்படும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்குமான கணக்கு வழக்கு இங்கிருந்து நடக்கிறது. தெற்கே திருமலைராயன்பட்டினம் பக்கம் போனால் 2009 முதல் இயங்கும் தனியார் துறைமுகம். 2023-இல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போனது. மேற்கே திருநள்ளாறு. சனிக்கிழமை தோறும் பல மாநிலங்களிலிருந்து பக்தர்கள் வருகிறார்கள். மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது, வயல் இருக்கிறது.

2011 கணக்கெடுப்பின்படி காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை 2 லட்சம்தான். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் தனிநபர் வருமானம் நாட்டின் சராசரியைவிட அதிகம். மருத்துவத்துக்கும் பஞ்சமில்லை. காரைக்காலில் அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. 2016-இல் தொடங்கிய ஜிப்மர் மருத்துவக் கல்லூரிக் கிளை இருக்கிறது. தனியார் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. நெரவியிலேயே ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. பிரசவம் என்றால் மருத்துவமனைதான் என்ற நிலை வந்து வருஷக்கணக்காகிறது.

குழாய்? அதுவும் உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தில் எல்லா ஊரக வீடுகளுக்கும் குடிநீர் இணைப்பு கொடுத்து முடித்த முதல் சில மாநில, யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. அந்த அறிவிப்பு வந்தது 2021-இல். அடுத்த ஆண்டு காலரா.

எண்ணெய், துறைமுகம், மருத்துவக் கல்லூரி, நூறு சதவீதக் குழாய் இணைப்பு என்று எல்லாம் இருந்தும், 19-ஆம் நூற்றாண்டின் நோய் என்று பாடப்புத்தகம் சொல்லும் காலரா எப்படி வந்தது?

குழாய் இருக்கிறது, அழுத்தம் இல்லை

காலராக் கிருமி மலத்திலிருந்து தண்ணீருக்குப் போய், தண்ணீரிலிருந்து வாய்க்கு வருவது. அந்தப் பாதை எங்கோ திறந்திருந்தால்தான் நோய் பரவும். குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்ததுதான் காரணம் என்று அப்போதே பேசப்பட்டது. பழைய குழாய்களை மாற்ற வேண்டும் என்ற பேச்சும் உடனே கிளம்பியது.

நம்மூர்களில் இது எப்படி நடக்கிறது என்பது குழாய்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர் 24 மணி நேரமும் வருவதில்லை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று விடுகிறார்கள். தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். நிறுத்தியதும் அழுத்தம் போய்விடும். அப்போது வெளியே நிற்பது உள்ளே போகும். குழாயை ஒட்டிச் சாக்கடை ஓடினால் சாக்கடை உள்ளே போகும். அடுத்த முறை தண்ணீர் விடும்போது முதல் குடத்தில் வருவது அதுதான். "முதல்ல கலங்கலா வரும், கொஞ்சம் விட்டுப் புடிங்க" என்று வீட்டில் சொல்வது இதனால்தான்.

இதைத் தடுக்க வழி இருக்கிறது. பழைய குழாயை மாற்ற வேண்டும், சாக்கடையையும் குடிநீர்க் குழாயையும் பிரிக்க வேண்டும், தொட்டியில் சரியான அளவு குளோரின் போட வேண்டும். அந்தக் குளோரின் கடைசித் தெருவின் கடைசிக் குழாய் வரை மிச்சம் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் கேட்பது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சக் குளோரின். இதைச் சோதிக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. சின்னக் குப்பியில் தண்ணீரைப் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் நிறம் சொல்லிவிடும்.

இதில் ரிப்பன் வெட்ட ஒன்றும் இல்லை. தினமும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டிய, பார்த்ததை எழுதி வைக்க வேண்டிய வேலை இது. பொதுச் சுகாதாரம் என்பதில் பெரும்பகுதி இந்த மாதிரி வேலைதான்.

மருத்துவம் வேறு, பொதுச் சுகாதாரம் வேறு

பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். "சுகாதாரத்துக்கு இவ்வளவு கோடி ஒதுக்கீடு" என்று செய்தி வந்தால் பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டடம், ஸ்கேன் இயந்திரம், காப்பீட்டுத் திட்டம் என்றுதான் நினைக்கிறோம். நோய் வந்த பிறகு ஒரு ஆளுக்குச் செய்யும் செலவு மருத்துவச் செலவு. நோய் வராமல் ஊருக்கே செய்யும் செலவு பொதுச் சுகாதாரச் செலவு. முதலாவதில் பலன் பெற்றவருக்கு முகம் இருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் கையெடுத்துக் கும்பிடுவார். இரண்டாவதில் பலன் பெற்றவர் யார் என்று அவருக்கே தெரியாது. காலரா வராததற்காக யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை, ஓட்டும் போடுவதில்லை.

அரசின் கணக்குப் புத்தகத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. மத்திய சுகாதார அமைச்சகத்தின் தேசிய சுகாதாரக் கணக்கு அறிக்கையின்படி 2021–22-இல் அரசின் சுகாதாரச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். நிதி அமைச்சகத்தின் பொருளாதார ஆய்வறிக்கையோ 2022–23 பட்ஜெட் மதிப்பீட்டில் 2.1 சதவீதம் என்று சொன்னது. ஆண்டு வேறு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஆய்வறிக்கையின் 'சுகாதாரம்' என்ற தலைப்புக்குள் குடிநீர், கழிவுநீர்ச் செலவும் வருகிறது. சுகாதாரக் கணக்கு அறிக்கையில் அவை வராது. அதாவது காலராவை உண்மையில் தடுக்கும் செலவு ஒரு கணக்கில் சுகாதாரம், இன்னொரு கணக்கில் சுகாதாரமே கிடையாது.

நோய் எப்படி வளர்ச்சியைத் தின்கிறது?

நான்கு வழிகளைச் சொல்லலாம்.

முதலாவது, வேலை நாள். தினக்கூலிக்குப் போகிறவருக்குப் படுத்தால் சம்பளம் இல்லை. பிள்ளைக்கு வந்தால் அம்மாவும் வேலைக்குப் போக முடியாது. ஒரு உதாரணக் கணக்கு மட்டும் போடுவோம். மாவட்டத்தில் 70 ஆயிரம் பேர் வேலைக்குப் போகிறார்கள், ஒரு நாள் வருமானம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரால் வரும் நோயில் ஆளுக்கு ஆண்டில் ஒரே ஒரு நாள் போனாலும் 3.5 கோடி ரூபாய். பத்து ஆண்டில் 35 கோடி. இது எந்த பட்ஜெட்டிலும் 'இழப்பு' என்று எழுதப்படாது.

இரண்டாவது, பிள்ளைகள். அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும் குழந்தைக்குச் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. இரண்டு வயதுக்குள் இது திரும்பத் திரும்ப நடந்தால் வளர்த்தி குறையும், படிப்பிலும் தங்கும். இந்த இழப்பு 20 ஆண்டு கழித்து வேலைச் சந்தையில்தான் தெரியவரும். கென்யாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுத்து மைக்கேல் கிரெமரும் எட்வர்ட் மிகேலும் செய்த ஆய்வு இதில் பெயர் பெற்றது. மாத்திரை கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் லீவு போடுவது கால் பங்கு குறைந்தது. 20 ஆண்டு கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது, அவர்கள் குடும்பத்துக்குச் செலவிடும் தொகை மற்றவர்களைவிட 14 சதவீதம் அதிகமாக இருந்தது. முதல் ஆய்வின் கணக்கிடும் முறை குறித்து நிபுணர்களிடையே சூடான விவாதமும் நடந்தது. ஆனால் கைச்செலவுக் காசில் கிடைக்கும் ஒரு மாத்திரை இவ்வளவு தூரம் வரக்கூடும் என்பதே யோசிக்க வைப்பது. குடிநீரில் குளோரின் போடுவது பற்றிய பல நாட்டு ஆய்வுகளைக் கிரெமர் குழு பிற்பாடு தொகுத்துப் பார்த்தபோது, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு வாய்ப்பு சுமார் கால் பங்கு குறைவதாக மதிப்பிட்டது.

மூன்றாவது, கடன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு நகையை அடகு வைத்த குடும்பம் அந்த ஆண்டு மாடு வாங்காது, வலை வாங்காது, பிள்ளையை மேற்படிப்புக்கு அனுப்ப யோசிக்கும். நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் கையை விட்டுச் செலவழிப்பது 2013–14-இல் 64.2 சதவீதமாக இருந்தது. 2021–22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. முன்னேற்றம்தான். ஆனாலும் நூற்றுக்கு நாற்பது ரூபாய் இன்னும் குடும்பத்தின் சுருக்குப் பையிலிருந்துதான் போகிறது.

நான்காவது, ஊரின் பெயர். இதற்கு ஒரு பெரிய உதாரணம் சூரத்.

சூரத் கற்றுக்கொண்ட பாடம்

1994 செப்டம்பர். குஜராத்தின் வைர, ஜவுளி நகரமான சூரத்தில் பிளேக் பரவுவதாகச் செய்தி வந்தது. இறந்தவர்கள் ஐம்பதைச் சற்றுத் தாண்டினார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் அந்த ஆண்டில் நாட்டில் வயிற்றுப்போக்கில் இறந்த குழந்தைகளோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் லட்சக்கணக்கானவர்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் ஊரைவிட்டு ஓடினார்கள். பட்டறைகள் மூடின. சில நாடுகள் இந்தியாவுக்கான விமானங்களை நிறுத்தின, இந்தியச் சரக்கைத் திருப்பின. சூரத்தின் குப்பைக்கு நாடே விலை கொடுத்தது.

அடுத்த ஆண்டு மாநகராட்சி ஆணையராக எஸ்.ஆர். ராவ் வந்தார். புது மருத்துவமனை கட்டுவதில் அவர் தொடங்கவில்லை. அதிகாரிகளைக் குளிர்சாதன அறையிலிருந்து கிளப்பித் தினமும் தெருவுக்கு அனுப்பினார். வார்டு வாரியாகக் குப்பை, சாக்கடை, தண்ணீர் எல்லாவற்றுக்கும் பொறுப்பாளரைப் போட்டார். சுத்தமில்லாத உணவகங்களுக்கு அபராதம் விதித்தார். ஆக்கிரமிப்பு என்றால் பணக்காரர் கட்டடம், ஏழை கட்டடம் என்று பார்க்கவில்லை. 1996-இல் இன்டாக் அமைப்பின் ஆய்வில் சண்டிகருக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது சுத்தமான நகரம் என்று சூரத் பெயர் எடுத்தது. ஊர் காலியான இரண்டே ஆண்டில்.

சூரத்தின் பிற்கால வளர்ச்சிக்கு இது மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. வைரமும் துணியும் முன்பே இருந்தன. ஆனால் தொழில் இருந்தும் குப்பை அள்ளாத ஊர் ஒரே வாரத்தில் காலியாகும் என்பதையும், அதைச் சரிசெய்யப் புதிய செல்வம் எதுவும் தேவைப்படவில்லை என்பதையும் சூரத் காட்டிவிட்டது.

இதைவிடப் பழைய துறைமுகக் கதை ஒன்று ஜெர்மனியில் உண்டு. 1892-இல் ஹாம்பர்க் நகரில் காலராவுக்கு 8,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்று ஐரோப்பாவின் செல்வம் கொழித்த துறைமுகங்களில் அதுவும் ஒன்று. எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமலே குழாயில் விட்டார்கள். மணல் வடிகட்டி கட்டும் செலவை யார் ஏற்பது என்று நகரத்துச் சொத்துக்காரர்கள் இழுத்தடித்ததில் வேலை தாமதமாகிவிட்டது. ஒட்டியே இருந்த அல்டோனா நகரமும் அதே ஆற்றுத் தண்ணீரைத்தான், அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு, எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டியது. எல்லைத் தெருக்களில் ஒரு பக்கம் சாவு, மறு பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இரண்டு நகரங்களையும் பிரித்தது வருமானம் இல்லை, வடிகட்டி.

ஜிடிபியில் வராத லாபம்

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. காலரா வந்தால் ஜிடிபியில் சில இனங்கள் ஏறும்! சலைன் பாட்டில் விற்பனை உற்பத்தியில் சேரும். தனியார் மருத்துவமனைக் கட்டணம் சேரும். பயத்தில் வீட்டுக்கு வீடு வாங்கும் 20 லிட்டர் கேன் தண்ணீர் சேரும். குழாயில் நல்ல தண்ணீர் வந்தால் கேன் வாங்க வேண்டியதில்லை, அந்த விற்பனை கணக்கிலிருந்து போய்விடும். குடும்பத்துக்கு மிச்சம், புள்ளிவிவரத்தில் குறைவு.

அதனால் "வளர்ச்சி எத்தனை சதவீதம்?" என்ற ஒரே எண்ணை வைத்துப் பொதுச் சுகாதாரச் செலவை அளந்தால் ஏமாந்துபோவோம். நெரவியில் எடுக்கும் எரிவாயு கணக்கில் ஏறும், துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி கணக்கில் ஏறும். ஊரின் கடைசிக் குழாயில் வரும் தண்ணீரின் தரம் எந்த எண்ணிலும் ஏறாது. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் எத்தனை கனஅடி திறந்தார்கள் என்பது செய்தி. கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் பிழைப்பு. காரைக்கால் காவிரியின் கடைமடை. வளர்ச்சியும் அப்படித்தான், திறந்துவிட்டால் மட்டும் வந்து சேராது, வாய்க்கால் வேண்டும்.

அப்போ, செலவு செய்தால் வளர்ச்சி நிச்சயமா?

நிச்சயம் என்று சொன்னால் அது பொய். 2001-இல் ஜெஃப்ரி சாக்ஸ் தலைமையிலான உலக சுகாதார அமைப்பின் குழு, ஏழை நாடுகளில் சுகாதாரத்தில் போடும் பணம் பல மடங்காக வளர்ச்சியில் திரும்பும் என்று வாதிட்டது. 2007-இல் டேரன் அசெமோக்லுவும் சைமன் ஜான்சனும் அதற்கு எதிரான முடிவை வெளியிட்டார்கள். 1940-களுக்குப் பிறகு தடுப்பூசி, பென்சிலின், டிடிடி எல்லாம் வந்து உலகெங்கும் ஆயுள் கூடியது. ஆனால் மக்கள்தொகையும் கூடியதால் தலைக்கு வருமானம் அதற்கேற்ப ஏறவில்லை என்றார்கள். டேவிட் ப்ளூம், டேவிட் கேனிங் போன்றவர்கள் அந்தக் கணக்கை மறுத்தார்கள். வாதம் முடிந்துவிடவில்லை.

இந்த வாதத்துக்கு நமக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. இலவச அரசு மருத்துவம், ஊர் ஊராகப் போகும் பொதுச் சுகாதார ஊழியர்கள் என்று பல பத்தாண்டுகள் உழைத்து, பணக்கார நாடாக ஆகும் முன்பே நல்ல ஆயுளும் குறைந்த பிரசவ மரணமும் பெற்ற நாடு. 2016-இல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார அமைப்பு சான்று கொடுத்தது. ழான் த்ரேஸும் அமர்த்தியா சென்னும் வளர்ச்சிக்குக் காத்திருக்காமல் பொதுச் சேவை வழியாகவே மக்கள் நலம் பெற முடியும் என்று எழுதியபோது எடுத்துக்காட்டிய நாடுகளில் இலங்கையும் ஒன்று.

ஆனால் காரைக்காலில் காலரா வந்த அதே 2022 ஜூலையில் இலங்கையில் என்ன நடந்தது? அந்நியச் செலாவணி தீர்ந்து, பெட்ரோல் வரிசை நீண்டு, அதிபர் நாட்டைவிட்டு ஓடினார். மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி என்பதால் மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு. நல்ல சுகாதாரம் இருந்தும் பொருளாதாரம் விழலாம். பொருளாதாரம் விழுந்தால் நல்ல சுகாதாரமும் தள்ளாடும்.

இரண்டு கரைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. காரைக்காலில் வருமானம் இருந்தது, குழாய் கெட்டிருந்தது. இலங்கையில் சுகாதார அமைப்பு இருந்தது, கஜானா காலி. ஒன்று மற்றொன்றைத் தானாக உண்டாக்காது. பொதுச் சுகாதாரச் செலவு வளர்ச்சிக்கு உத்தரவாதம் தருவதில்லை. ஆனால் அது இல்லாத வளர்ச்சி எந்த ஜூலையிலும் உடைந்து போகலாம். கொரோனாவில் நாடே அதைப் பார்த்தது. 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் இந்தியப் பொருளாதாரம் சுமார் 24 சதவீதம் சுருங்கியது என்று முதல் மதிப்பீடு வந்தது நினைவிருக்கும்.

இந்தியா எவ்வளவு செலவு செய்கிறது?

2017 தேசிய சுகாதாரக் கொள்கை ஓர் இலக்கு வைத்தது: 2025-க்குள் அரசின் சுகாதாரச் செலவை ஜிடிபியில் 2.5 சதவீதமாக உயர்த்துவது. 2013–14-இல் 1.15 சதவீதமாக இருந்தது, 2021–22-இல் 1.84 சதவீதம். அதுவும் கொரோனா ஆண்டு. ஏறியிருக்கிறது, இலக்கைத் தொடவில்லை. அதே கொள்கை இன்னொன்றும் சொன்னது: செலவில் மூன்றில் இரண்டு பங்காவது ஆரம்பச் சுகாதாரத்துக்குப் போக வேண்டும். முதல் எண்ணைப் பற்றி நிறையப் பேசுகிறோம், இரண்டாவதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

எவ்வளவு என்பதோடு எதில் என்பதும் முக்கியம் என்பதற்குத் தமிழ்நாடு நல்ல உதாரணம். 1939-லேயே சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. மருத்துவமனைகளை நடத்தும் துறைக்கு அப்பால், நோய்த் தடுப்புக்கென்றே தனி இயக்குநரகம், தனிப் பணிநிலை, சுகாதார ஆய்வாளர்கள் என்ற அமைப்பு அங்கே நிலைத்திருக்கிறது. சுனாமி, வெள்ளம் வந்தபோது பெரிய தொற்று பரவாமல் தடுத்ததற்கு இந்த அமைப்பைத்தான் ஆய்வாளர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு பெரிய மருத்துவமனையின் செலவோடு ஒப்பிட்டால் சிறியது.

நெரவிக்கு யார் பொறுப்பு?

இப்போது ஊருக்குத் திரும்புவோம். சிகிச்சை சுகாதாரத் துறையின் வேலை. குடிநீர்க் குழாய் பொதுப்பணித் துறையின் வேலை. குப்பையும் சாக்கடையும் நகரத்தில் நகராட்சி, நெரவி மாதிரி இடங்களில் கொம்யூன் பஞ்சாயத்து. சாக்கடை குழாய்க்குள் போவது இந்த மூன்று அலுவலகங்களுக்கும் நடுவே இருக்கும் இடத்தில். "அது எங்க துறை இல்லை" என்று மூன்று பேருமே சொல்லக்கூடிய இடம்.

மூவரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க வேண்டியது உள்ளாட்சி மன்றம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 38 ஆண்டு கழித்து 2006-இல்தான் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2022-இல் காலரா வந்தபோது 11 ஆண்டுகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. "கவுன்சிலரே, குழாயில நாத்தம் அடிக்குது" என்று சொல்ல ஒரு வீட்டு வாசல் இல்லை. எம்எல்ஏ இருக்கிறார், அதிகாரி இருக்கிறார்; தெருக்குழாய்க்கென்று ஆள் இல்லை.

நிதியிலும் ஒரு சந்து இருக்கிறது. 15-ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாக ஆரம்பச் சுகாதாரத்தைப் பலப்படுத்த 70,051 கோடி ரூபாய் மானியம் பரிந்துரைத்தது. இது மாநிலங்களுக்கானது. சட்டமன்றம் இருந்தாலும் புதுச்சேரி மாநிலம் இல்லை. மத்திய நிதிக்குழுவின் வரம்புக்குள் வராது. பக்கத்து நாகப்பட்டினத்துக் கிராமத்துக்குப் பொருந்தும் மானியம், எல்லைப் பலகை தாண்டிய நெரவிக்குப் பொருந்தாது. வேறு திட்டங்கள் வழியாக மத்திய உதவி வருகிறது என்பது உண்மை. ஆனால் அது ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்க வேண்டியது, உரிமையாக வருவது இல்லை. நிதிக்குழுவில் சேர்க்கச் சொல்லிப் புதுச்சேரி அரசுகள், எந்தக் கட்சி ஆண்டாலும், நெடுங்காலமாகக் கேட்டுவருகின்றன. இடையில் பிரதேசத்தின் சொந்த வருவாயில் கலால் வரி, அதாவது மது, பெரிய தூணாக நிற்கிறது. உடம்பைக் கெடுப்பதில் வரும் காசில்தான் உடம்பைக் காக்கும் செலவையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாசகர் என்ன கேட்கலாம்?

அடுத்த பட்ஜெட்டில் "சுகாதாரத்துக்கு இத்தனை கோடி" என்ற தலைப்பைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: இதில் நோய் வந்த பிறகு ஆகும் செலவு எவ்வளவு, வராமல் தடுக்கும் செலவு எவ்வளவு?

இரண்டு: புதிதாகக் கட்டுவதற்கு எவ்வளவு, ஏற்கெனவே இருப்பதைப் பராமரிக்க எவ்வளவு? குழாய் போட்டதற்குக் கல்வெட்டு உண்டு. அதில் வரும் தண்ணீரைத் தினம் சோதிப்பவருக்குச் சம்பளம் உண்டா?

மூன்று: உங்கள் தெருவின் கடைசிக் குழாயில் மிச்சக் குளோரினைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள்? ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சோதனைப் பெட்டியும் கொடுக்க வேண்டும் என்பது விதி. உங்கள் ஊரில் அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது, எழுதி வைத்த நோட்டு எங்கே? தண்ணீரைக் குப்பியில் ஊற்றி வைத்து, கறுப்பாக மாறினால் கழிவு கலந்திருக்கிறது என்று காட்டும் எளிய சோதனையும் இருக்கிறது. மறைக்க வேண்டிய தகவல் எதுவும் இதில் இல்லை. பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் வாரம் ஒரு முறை ஒட்டலாம்.

சண்டையில் அகதிகளாக வந்தவர்களிடையே காலரா பரவிய 1971-இல், வங்க எல்லை முகாமில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியவர் மருத்துவர் திலீப் மகலநபீஸ். அதைத்தான் இன்று ஓஆர்எஸ் என்கிறோம். அவர் 2022 அக்டோபரில், காரைக்கால் காலராவுக்கு மூன்று மாதம் கழித்துக் காலமானார். காலராவில் சாகாமல் காப்பாற்ற வழி கண்டு ஐம்பது ஆண்டு ஆகிவிட்டது. அது வராமல் தடுக்க வழி தெரிந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. மணலும் குளோரினும் நல்ல குழாயும் புதுக் கண்டுபிடிப்புகள் இல்லை. அவற்றுக்கு ஆகும் காசும் எண்ணெய்க் கிணறும் துறைமுகமும் இருக்கும் ஒரு மாவட்டத்துக்குப் பெரிது இல்லை. அந்தக் காசு கடைமடைக் குழாய் வரை போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்ள, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் ஊரில் இருக்க வேண்டும். காரைக்காலில் இன்னும் வளர வேண்டியது அதுதான்.